முதல் கடி

அவருடைய மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. அதற்கு அடுத்த பல் சற்று உள்ளே திரும்பியிருக்கும். அதனால் அவர் எதைக் கடித்தாலும் கடித்த இடத்தின் நடுவில் ஒரு சிறு மேடு நின்றுவிடும். வாழைப்பழம், அவித்த மரச்சீனிக் கிழங்கு, பழம்பொரி, கொய்யாக்காய் எதிலும் அந்த மேட்டைப் பார்த்தால் அவர் வாய் பட்டது என்று அர்த்தம். நான் அவருடைய தோட்டத்தில் ஒன்றரை வருடம் ரப்பர் பால் வெட்டினேன். அந்த ஒன்றரை வருடமும் அந்த மேட்டைத்தான் தின்றேன்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற பாதையில், சரிவில் ரப்பரும் மேட்டில் வீடுமாக இருந்தது அவருடைய இடம். வீட்டில் அவர், மனைவி, ஒரே மகன். பால் உறைய வைத்து ஷீட் அடிக்கிற கொட்டகையின் ஒரு மூலையில் எனக்குப் படுக்கை. ரப்பர் ஷீட்டின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். புளித்த பாலும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி இருக்கும். அது எனக்கு ஒரு பொருட்டில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் அருவருப்புப் பார்க்கிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பியவன். கொச்சியில் இறால் உரிக்கிற கம்பெனியில் இருந்திருக்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு ஹோட்டலில் எச்சில் இலை எடுத்திருக்கிறேன். பசித்தபோது அந்த இலையிலிருந்தே எடுத்துத் தின்றதும் உண்டு. யார் தின்ற இலை என்று தெரியாதவரை எதுவும் உள்ளே போகும். ஆனால் ஒரு மனிதர் நம் கண்முன்னால் கடித்து, மென்று, உதட்டை நக்கிவிட்டு, மீதியை நம் கையில் வைப்பது வேறு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவரே எனக்குக் கட்டன் சாயா கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன் ஒரு வாய் உறிஞ்சினார். மீசை நுனியில் தங்கிய துளி திரும்பவும் தம்ளருக்குள்ளேயே விழுந்தது.

"மதுரம் பாத்தேன். கொள்ளாம். குடிலே" என்றார்.

நான் தம்ளரைத் திருப்பித் திருப்பி, அவர் வாய் வைக்காத பக்கத்தைத் தேடினேன். அதைக் கவனித்துவிட்டார்.

"என்னலே தம்ளரச் சுத்துக? எச்சி பாக்குதவன் சொந்தக்காரன் இல்ல மக்கா. எனக்க வீட்டுல வேலைக்கு வந்தவன் எனக்கச் சொந்தம்."

குடித்தேன். வேலை வேண்டுமே.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்லதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நான் வேலை பார்த்த இடங்களில் முதலில் கேட்பது எந்த ஊர், எந்த ஆள் என்றுதான். பதிலைப் பொறுத்துத் தம்ளர் மாறும். ஓர் இடத்தில் எனக்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டையை வேலியில் செருகி வைத்திருந்தார்கள். இவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கொட்டகையிலிருந்து என்னைக் கூப்பிட்டு வீட்டு மேசையிலேயே உட்கார வைப்பார். என் தட்டிலிருக்கிற மீன் துண்டை எடுத்து முள்ளை உறிஞ்சிவிட்டு, சதையை என் தட்டிலேயே போடுவார். இப்படி ஒரு மனிதரைக் கும்பிட வேண்டும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். கும்பிடலாம். அந்த மீனைத் தின்பதுதான் கஷ்டம்.

சந்திப்பில் வடை போடுகிற அக்காவுக்கும் இவருக்கும் இதில் தினமும் சண்டை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு வடையை எடுத்துக் கடிப்பார், பிடிக்காவிட்டால் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். கடைசியில் அவருக்கென்று ஒரு கிண்ணத்தில் தனியாக வடை வைக்கத் தொடங்கினாள்.

"ஒமக்கு உள்ளது இந்தக் கிண்ணத்துல. பெட்டியத் தொட்டீருண்ணா கரண்டியால அடிப்பேன்."

"நான் கடிச்சா வட என்ன ஒழுகியா போவும்?"

"ஒழுகாது. ஆனா அந்தப் பல்லுத் தடத்தப் பாத்தா ஆளு ஓடிரும்."

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது அந்தச் சந்தில் பருப்புத் தொலி ஒட்டியிருக்கும்.

ஒருமுறை எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல் கொட்டகையில் கிடந்தேன். கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு அவரே வந்தார். என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊட்டினார். ஒவ்வொரு கரண்டியையும் தன் வாயில் வைத்துச் சூடு பார்த்த பிறகே என் வாய்க்குக் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். பிழைத்தேன். பெற்ற தகப்பன் எனக்குச் செய்யாதது அது. ஆனால் அந்தக் கஞ்சியை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது நன்றி இல்லை, வாயில் உப்பு நீர்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஒரு சடங்கு மாதிரி. சர்ச்சு விட்டு வரும்போதே மாட்டிறைச்சி வாங்கி வருவார். மனைவி மரச்சீனியை அவித்து மசித்து வைப்பார், இறைச்சியைத் தேங்காய்க்கொத்து போட்டு வறட்டுவார். மணம் கொட்டகைவரைக்கும் வரும். அதுவரை எல்லாம் நன்றாகவே இருக்கும். பிறகு அகலமான அலுமினியத் தட்டு மேசையில் வரும். அவர் இரண்டையும் அதில் கொட்டி மணிக்கட்டுவரை விட்டுப் பிசைவார். நடுவில் விரல்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டு இழுப்பார். உப்புப் பார்க்கிறாராம். அதே விரல்கள் மறுபடி தட்டுக்குள் போகும். பெரிய இறைச்சித் துண்டு கிடைத்தால் பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை உருண்டைக்குள் பொதிந்து வைப்பார். அந்த உருண்டையை அவர் நீட்ட, நாம் கையை நீட்டி வாங்க வேண்டும். மகன் வாங்குவான். நான் வாங்குவேன். மனைவி எல்லோரும் எழுந்த பிறகு நின்றுகொண்டே தட்டை வழித்துத் தின்பார். அந்த அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டுக்குத்தான் அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு பிள்ளை மருமகளாக வந்தாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்துப் பெண்ணின் வாய்க்குக் கொண்டுபோனபோது இவர் நடுவில் கையை விட்டு வாங்கி, ஒரு கடி கடித்து, "முட்டை மணக்கு, சாரமில்ல, தின்னலாம்" என்று சொல்லிவிட்டு மகனிடம் திருப்பிக் கொடுத்தார். போட்டோக்காரன் அதையும் எடுத்தான். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடியே அந்தத் துண்டைப் பார்த்தாள். கேமரா இருந்ததால் தின்றாள்.

பிறகு தினமும் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் வருவாள். என் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு போவாள். வந்த சில வாரங்களில் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது.

மாமியார் இதை ஒருநாள் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் மலர்ந்துபோயிற்று. வீட்டுக்குள் ஓடி, "இஞ்சேருங்க, நம்ம பிள்ள குமட்டுகா. விசேஷமாக்கும்" என்றார்.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தைக்குப் போய்ப் புளிமாங்காய், நெல்லிக்காய், ஆரஞ்சு என்று பை நிறைய வாங்கி வந்தார். வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளை, புழுப்பட்டதைத் தின்றுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்தார். பிறகு தட்டில் வரிசையாக அடுக்கி அவள் முன் வைத்தார். எல்லா மாங்காயிலும் நடுவில் ஒரு மேடு. மாங்காய்ச் சாறில் அவருடைய வெற்றிலைச் சிவப்பு கலந்து தட்டில் ஓடியது.

அவள் மறுபடி பலாமரத்துக்கு ஓடினாள். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சந்தோஷப்பட்டார்கள்.

அன்று நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கி, குனிந்து செம்பின் விளிம்பைப் பார்த்தாள்.

"யாரும் வாய் வைக்கல. குழாயிலேர்ந்து நேரா பிடிச்சது" என்றேன்.

அழுதுகொண்டே சிரித்தாள்.

"விசேஷமும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணே. இவங்க கடிச்சுத் தாரது வயித்துல நிக்க மாட்டேங்கு. நானும் மருந்துன்னு நெனச்சு முழுங்கிப் பாக்கேன். உள்ள போயிட்டு அப்படியே திரும்பி வருது."

"புருசன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அப்பா அப்படித்தான், பழகிரும்னாங்க. அவங்க பழகிட்டாங்க."

அடுத்த மாதம் விசேஷம் இல்லை என்று தெரிந்துவிட்டது. மாமனார்தான் கவலைப்பட்டார். பிள்ளைக்குச் சத்துப் போதாது, தின்கிறதில்லை, இனிமேல் நானே பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைக்கிறேன் என்று சொல்லி, அப்படியே செய்யவும் ஆரம்பித்தார். ஆசையோடுதான் செய்தார். அதனால் யாராலும் தடுக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பால் வெட்டி முடித்து வந்த என்னிடம் அவள் ஒரு பையைக் கொடுத்தாள்.

"அண்ணே, குலசேகரம் போய் எலும்பில்லாத மாட்டுக்கறி வாங்கணும். நல்லாப் பொடியாக் கொத்தி வாங்குங்க, கைமாவுக்கு. பேக்கரியில நீட்டுப் பன்னு. சுத்துறதுக்கு வெள்ளத்தாளும் கேளுங்க."

"என்ன செய்யப் போற?"

"சாண்ட்விச். போன்ல பாத்தேன். ஈஸிதான், அரை மணி நேர வேலை. பிசைய வேண்டாம், உருட்ட வேண்டாம். ஆளுக்கு ஒண்ணு, முழுசா, அவங்கவங்க கையில." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இண்ணைக்கு ராத்திரி என் சாப்பாடு ஒருத்தரும் கடிக்காம என் கைக்கு வரணும். வந்தா இருப்பேன். இல்லன்னா நாளைக்குக் காலையில பஸ் ஏறிருவேன். துணியெல்லாம் பையில வச்சாச்சு."

அவள் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். மாமனார் கடித்துக் கொடுத்ததைத் தின்னப் பிடிக்காமல் வந்துவிட்டேன் என்று எந்த ஊரில் போய்ச் சொல்வது? கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், பிறகு வேறு காரணம் இருக்கும் என்று தேடுவார்கள்.

இறைச்சிக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொடியாக் கொத்தவா? ஆருக்குலே பல்லு இல்ல ஒங்க முதலாளி வீட்டுல?"

"பல்லு இருக்கு. அதுதான் பிரச்சின."

அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டையில் வைத்து இரண்டு கத்தியால் சிரித்துக்கொண்டே கொத்தினார்.

சாயங்காலம் சமையலறை வாசலில் உட்கார்ந்து நான் சின்ன உள்ளி உரித்துக் கொடுத்தேன். உள்ளியும் இஞ்சியும் பச்சைமிளகாயும் வதக்கி, இறைச்சியைப் போட்டு, தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை கிளறினாள். நிறைய நல்லமிளகுப்பொடி, கொஞ்சம் பெருஞ்சீரகம், கடைசியில் கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை. பன்னை நீளமாகக் கீறி, தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி வாட்டினாள். உள்ளே இறைச்சியை அடைத்து, வெள்ளைத்தாளில் இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையையும் மிட்டாய் மாதிரி முறுக்கினாள். கல்லுக்கும் தாளுக்கும் நடுவில் வேறு யார் கையும் படவில்லை. அந்த வீட்டில் ஒரு சாப்பாட்டைப் பார்த்து எனக்கு உண்மையாகவே பசித்தது அன்றைக்குத்தான்.

ஏழு மணிக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாமியார் வழக்கம்போலச் சமையலறைக் கதவோரம் நின்றார். அந்தப் பிள்ளை பொட்டலங்களைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதென்ன, பொதிஞ்சு வச்சிருக்கு? கிறிஸ்மசா?" என்றார் அவர்.

"சாண்ட்விச் மாமா. கைமா வச்சது. ஆளுக்கு ஒண்ணு. பிரிச்சு அப்படியே சாப்பிடலாம்."

"ஆளுக்கு ஒண்ணா? செரி, செரி. கொள்ளாம்." மகனைப் பார்த்தார். "ஜெபம் பண்ணு மக்கா."

மகன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். எல்லோரும் தலை குனிந்தோம். ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக உமக்கு நன்றி என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாள் பிரிகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். முனையில் ஒரு கடி. மெல்லும்போது பல் சந்து வழியாக இறைச்சித் துகள் வெளியே வந்து தாடையில் விழுந்தது. அதைப் பெருவிரலால் வழித்துப் பன்னுக்குள்ளேயே திணித்து, விரலை நக்கிவிட்டு, தாளைப் பழையபடி சுற்றி முனையை முறுக்கி வைத்தார். அடுத்ததை எடுத்தார். அவர் முகத்தில் களவு எதுவும் இல்லை. மாட்டுக்குப் புல் போடுகிற மாதிரி நிதானமாகச் செய்தார். எண்ணெய் மணிக்கட்டு வழியாக இறங்கியது. அதையும் நக்கினார்.

அந்தப் பிள்ளையின் கண்ணும் திறந்துதான் இருந்தது. ஒவ்வொரு பொட்டலமாக அவர் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகனின் ஜெபம் அன்று வழக்கத்தைவிடச் சுருக்கம். ஆமென் என்றபோது தட்டில் அவர் கடிக்காமல் மிச்சமிருந்தது மனைவிக்கானது மட்டும்தான். தனக்கானதை முதலிலேயே எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"பிடி, ஆளுக்கு ஒண்ணு. உப்பெல்லாம் பாத்தாச்சு" என்று எடுத்துக் கொடுத்தார்.

அவள் தன்னுடையதைப் பிரித்தாள். அந்த மேடு இருந்தது. சுருட்டி மேசையில் வைத்தாள். இனி எழுந்து உள்ளே போய்ப் பையை எடுப்பாள் என்று நினைத்தேன். எழுந்தாள். ஆனால் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவருடைய பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். நடுவில், வாய் கொள்ளும் மட்டும் பெரிதாக ஒரு கடி கடித்தாள். நின்றபடியே மென்றாள். அவள் மெல்லுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு தாளைச் சுற்றி, முனையை முறுக்கி, அவர் முன்னால் வைத்தாள்.

"உப்பு பாத்துட்டேன் மாமா. சரியா இருக்கு. சாப்பிடுங்க."

அவர் சிரித்துவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். என் தட்டு மீனை உறிஞ்சுகிறவர் அவர், யார் எச்சிலும் அவருக்கு ஒன்றுதானே. சிரிக்கவும் தொடங்கினார். தாளைப் பிரித்தார். பன்னின் நடுவில் அரைவட்டமாக வரிசைப் பல்லின் தடம். ஓரத்தில் ஈரம் மின்னியது. சிரிப்பு பாதியில் நின்றது. வாயின் இரண்டு ஓரமும் கீழே இறங்கின.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். கொட்டகையில் முகம் பார்க்க ஒரு கண்ணாடித் துண்டு வைத்திருந்தேன். தினமும் சாயா குடித்த பிறகு அதில் பார்த்த முகம்.

பொட்டலத்தை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"எனக்கு வயிறு செரியில்ல."

"இப்ப வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்கப்பா" என்றான் மகன்.

"செரியில்லண்ணு பறஞ்சேன்லா."

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. மகன் தன் கையிலிருந்ததைப் பார்த்தான். ஏதோ முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி அந்தக் கடித்த முனையைப் பார்த்துவிட்டு, அதைப் பிய்த்துத் தட்டோரம் வைத்தான். நானும் பிய்த்து வைத்தேன். அந்தப் பிள்ளை சமையலறைக்குள் போனாள்.

அப்போது மாமியார் கதவோரத்திலிருந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டில் மிச்சமிருந்த ஒரே பொட்டலத்தைப் பிரித்தார். பன்னை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கமும் முழுதாக இருந்தது. பிறகு ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

மாமனாரின் கை பழக்கத்தில் தானாகவே நீண்டது.

"ஏட்டி, இஞ்ச தா. பாக்கட்டு."

மாமியார் கண்ணைத் திறக்கவில்லை. தோளை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த கடி கடித்தார்.

அவர் கை மேசை நடுவில் அப்படியே நின்றது. சமையலறையில் மிச்சமிருந்த பன்னையும் இறைச்சியையும் வைத்துத் தனக்கொன்று செய்து எடுத்துக்கொண்டு வந்த அந்தப் பிள்ளை, மாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ராத்திரிக்கு என்ன வைக்கட்டும் மாமி?" என்று கேட்டாள்.

மாமியாரின் வாய் நிறைய இருந்தது. பதிலுக்குக் கையிலிருந்ததை உயர்த்திக் காட்டினார்.